தக்காளி வண்டி ஓட்டுநரின் தூக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ராயக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்த 42 வயது ஓட்டுநர் ஒருவர், பிரஷர் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை என்று கிருஷ்ணகிரியில் என்னிடம் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. நான்கு வருடத்துச் சீட்டுகள், இசிஜி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். தூக்கத்தைப் பற்றி அவற்றில் ஒரே ஒரு வரி: தூக்கம் சரியில்லை, இரவு ஒரு மாத்திரை. அவருடைய உண்மையான நோயை இன்னும் மோசமாக்கக்கூடிய மாத்திரை அது. எப்படி என்பது இந்த ஆய்வின் ஒரு பாதி. இன்னொரு பாதி கோயம்பேடு மார்க்கெட்டின் நேரம் சம்பந்தப்பட்டது.

அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

ரத்த அழுத்தம் 164/102. அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தலிடோன் என்று மூன்று மருந்துகளை, அதில் ஒன்று நீர் பிரியும் மருந்து, முழு அளவில் சாப்பிட்டு வந்த நிலையில் இந்த அளவு. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். காலையில் எழுந்ததும் தலைவலி, ஒன்பது பத்து மணிக்குத் தானாக விட்டுவிடும். கடந்த ஒரு வருடமாக எதற்கெடுத்தாலும் கோபம், எதிலும் பிடிப்பில்லை. மகன் பள்ளி விழாவுக்குப் போகவில்லை, ஆடு வாங்கிக் கட்டுவதாக இருந்ததையும் விட்டுவிட்டார். இதற்காக மனச்சோர்வு மாத்திரை ஒன்றும், அதோடு குளோனசெபாம் என்ற தூக்க மாத்திரையும் எழுதப்பட்டிருந்தன.

ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு விளக்கம் ஏற்கெனவே இருந்தது. சிறுநீருக்குச் சர்க்கரையாக இருக்கலாம், பிராஸ்டேட்டாக இருக்கலாம். தலைவலிக்கு பிரஷர். கோபத்துக்குக் குடும்பப் பிரச்சினை. தனித்தனியாகப் பார்த்தால் எதையும் தவறென்று சொல்ல முடியாது. ஐந்தும் ஒரே ஆளுக்கு ஒரே காலத்தில் வந்திருப்பதுதான் உறுத்தியது.

அவரை வண்டியேற்றி அழைத்துவந்தது பிரஷர் அல்ல, மனைவி. அதற்கு முந்தைய வாரம், காலி கிரேட்டுகளோடு சென்னையிலிருந்து திரும்பும்போது ஆம்பூர் தாண்டி வண்டி நடுத்தடுப்பை உரசியிருக்கிறது. காலை எட்டு மணி, நல்ல வெளிச்சம், ரோடும் காலி. பக்கத்தில் இருந்த கிளீனர் "மாமா!" என்று கத்தி ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறான். கண்ணாடி போனது, பக்கவாட்டுத் தகடு கிழிந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ரிப்பேர் செலவை ஓனர் அவர் படியில் பிடித்துக்கொண்டார். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. மனைவிதான் சொன்னார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. கண் நான்கு நொடி அசந்தால் 65 மீட்டருக்கு மேல் வண்டியை யாரும் ஓட்டவில்லை.

கேட்டுத் தெரிந்தது

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "எந்த ராத்திரி சார்?"

ராயக்கோட்டையில் மாலை நான்கு மணிக்கு லோடு ஏறத் தொடங்கும். ஏழரைக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கோயம்பேடு. பின்னிரவு வியாபாரத்துக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தாக வேண்டும். தாமதமானால் விலை போகாது, பழியும் ஓட்டுநர் மேல்தான். இறக்கி முடிய மூன்று மணி. கேபினில் காலை மடக்கி இரண்டு மணி நேரம் படுத்து, விடிந்ததும் காலி கிரேட்டுகளோடு திரும்பி, பதினொன்று பன்னிரண்டுக்கு வீடு. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரத் தூக்கம், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. நடுவில் செல்போன்: "லோடு இருக்கு, வர்றியா?" வாரத்துக்கு ஆறு நடை. வாரம் ஒரு ராத்திரிதான் வீட்டில்.

கூட்டிப் பார்த்தால் நாளுக்கு நாலு, நாலரை மணி நேரம். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் கூட்டாகச் சொன்னதை அவரிடம் சொல்லியிருந்தால் என்னையும் பார்த்துச் சிரித்திருப்பார். "எனக்குப் பழகிடுச்சு சார், பதினஞ்சு வருசமா இதுதான்" என்றார்.

தூக்கம் குறைந்த எல்லோரும் சொல்வது இதுதான். 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வில், நாளுக்கு ஆறு மணி நேரமே தூங்க விடப்பட்டவர்களின் கவனத்திறன் இரண்டு வாரம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று அவர்களையே கேட்டபோது, சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கூடவில்லை என்றார்கள். திறமை இறங்குவதை நிறுத்தவில்லை, இறங்குகிறது என்ற உணர்வு மட்டும் நின்றுவிட்டது. ஆகவே "பழகிடுச்சு" என்பவரிடமிருந்து தூக்க வரலாறு எடுத்தால் போதாது. பக்கத்தில் படுப்பவரைக் கேட்க வேண்டும்.

மனைவி சொன்னது: "குறட்டைன்னா அப்படியொரு குறட்டை சார். நாங்க புள்ளைங்களோட திண்ணையில படுத்துக்குவோம். அவ்ளோ அசந்து தூங்குறாருன்னுதான் நெனச்சோம்."

கிளீனராகப் போவது அவருடைய அக்கா மகன், 22 வயது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவனை உள்ளே கூப்பிட்டேன். மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேசினான். "கேபின்ல மாமா படுத்தா கொஞ்ச நேரம் சத்தமா வரும் சார். அப்புறம் டக்குனு நின்னுடும். மூச்சே இருக்காது. நான் மூக்குகிட்ட கைய வச்சுப் பாப்பேன். வயிறு மட்டும் மேல கீழ போகும், காத்து வராது. அப்புறம் 'க்ர்ர்'னு ஒரு இழுப்பு. உடனே மறுபடி குறட்டை. மொதல்ல பயந்துட்டேன், எழுப்பிவிட்டேன். திட்டுனாரு. அப்புறம் விட்டுட்டேன்."

நான்கு வருடச் சீட்டுகளில் இல்லாத நோயறிதல் இந்த ஏழெட்டு வாக்கியத்தில் இருந்தது. குறிப்பாக "வயிறு மட்டும் மேல கீழ போகும், காத்து வராது" என்ற இடம். மூளை மூச்சுவிடச் சொல்கிறது, நெஞ்சும் வயிறும் முயல்கின்றன, தொண்டை அடைத்திருக்கிறது. தூக்க மூச்சுத்தடை என்ற நோய் இது. பாடப்புத்தகம் இதைவிடத் தெளிவாகச் சொல்வதில்லை.

வீட்டில் இதற்கு வேறொரு பெயரும் இருந்திருக்கிறது. சில இரவுகளில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்வாராம். அமுக்குவான் பேய் என்று அவர் அம்மா தாயத்து மந்திரித்துக் கட்டிவிட்டார். இடது கையில் கறுப்புக் கயிற்றில் அது இன்னும் இருக்கிறது. கழற்றச் சொல்லவில்லை, அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

பரிசோதனை

உயரம் 166 செ.மீ., எடை 88 கிலோ, உடல் நிறை எண் 32-ஐ ஒட்டி. கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ., அதாவது சட்டைக் காலர் 17 இஞ்ச். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் உள்நாக்கே தெரியவில்லை. கீழ்த்தாடை சற்றுப் பின்வாங்கியது. மூக்குத் தண்டு லேசாக வளைந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 17.2. ரத்தம் நன்றாக ஊறியிருக்கிறது என்று அவருக்குப் பெருமை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.3, சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. தைராய்டு, சிறுநீரகம், பிராஸ்டேட் இயல்பு. இசிஜியில் இதயத்தின் இடது கீழறை தடித்ததற்கான அறிகுறி.

பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் கேள்வித்தாள் உண்டு. எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், 10-க்கு மேல் போனால் கவலை. அவருக்கு 17. வண்டி போக்குவரத்தில் நிற்கும்போது தூங்கிவிடுவீர்களா என்ற கேள்வியை டோல்கேட் வரிசை என்று மாற்றிக் கேட்டேன். "பின்னாடி ஹாரன் அடிச்சாத்தான் முழிப்பேன்" என்றார். அதற்கு 3. மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 27-க்கு 14. உயிரை விடும் எண்ணம் வந்ததுண்டா என்று தனியாக, நேராகக் கேட்டேன். இல்லை என்றார்.

ஒரு ஞாயிறு இரவு வீட்டிலேயே தூக்கப் பரிசோதனை. மூக்கில் காற்றோட்டம், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கருவி. ஐந்தரை மணி நேரப் பதிவில் ஏறத்தாழ 250 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. மணிக்கு 46. ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு, முப்பதைத் தாண்டினால் தீவிரம். ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருந்தது. மிக நீண்ட நிறுத்தம் 58 நொடி. மறுநாள் அந்த வரைபடத்தைக் காட்டியபோது அவர் மனைவி தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். முப்பது நொடிக்கு மேல் முடியவில்லை.

ஐந்து தொல்லையும் ஒரு காரணமும்

தூங்கும்போது தொண்டைத் தசை எல்லோருக்கும் தளரும். கழுத்தில் கொழுப்பும் பின்வாங்கிய தாடையும் சேர்ந்தால், தளர்ந்த பாதை ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அட்ரினலினைப் பாய்ச்சி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. தசை இறுகிப் பாதை திறக்கிறது, உடனே மறுபடி தூக்கம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது, உடம்புக்கு இருக்கும்.

ஆரோக்கியமான ஆளுக்குத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். ரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அது. இவருக்கு அந்த நேரத்தில்தான் மணிக்கு 46 முறை அட்ரினலின் ஏறுகிறது. அந்தப் பதற்றம் பகலுக்கும் தொடர்கிறது. மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்றால் தேட வேண்டிய காரணங்களில் தூக்க மூச்சுத்தடை முன்வரிசையில் இருக்க வேண்டும்.

சிறுநீர் விஷயம் கொஞ்சம் விசித்திரம். அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக இழுக்கப்பட்டு மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு, நீரை வெளியேற்றச் சொல்லும் ஏஎன்பி என்ற ஹார்மோனை இதயம் சுரக்கிறது. சிறுநீரகம் சொன்னபடி செய்கிறது. சிறுநீர்ப்பைக்கு நோயே இல்லை. காலைத் தலைவலிக்கு ஒரு பங்கு காரணம் இரவெல்லாம் தேங்கும் கரியமில வாயு. ஹீமோகுளோபின் 17.2 ஆனது பெருமைக்குரியதல்ல. ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சமாளிக்க உடம்பு கூடுதலாகச் சிவப்பணு உற்பத்தி செய்கிறது.

மனநிலைக்கு வருவோம். ஆழ்தூக்கமும் கனவுத் தூக்கமும் மாறி மாறி, ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக வர வேண்டும். கனவுத் தூக்கத்தில் தசைகள் முழுவதும் தளர்வதால் மூச்சுத்தடை அப்போது இன்னும் மோசமாகும். அதாவது எந்தத் தூக்கம் உணர்ச்சிகளைச் சமன்படுத்த உதவுகிறதோ அதுவே அதிகம் சிதைகிறது. தூக்கம் கெட்டவர்களின் மூளையில் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா கூடுதலாகத் துடிப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதனால் அவருக்கு மனச்சோர்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. மருந்தையும் நிறுத்தவில்லை. ஆனால் தூக்கத்தைத் தொடாமல் அந்த மருந்து மட்டும் எவ்வளவு தூரம் போகும்?

குளோனசெபாம் விஷயமும் இங்கேதான். தசையைத் தளர்த்தும் மாத்திரை தொண்டைத் தசையையும் தளர்த்தும், மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும். விடுமுறை நாளில் அவர் போடும் குவாட்டரும் இதையே செய்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வேறு தொல்லை வரும் என்பதால் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தோம்.

சிகிச்சை

இந்த நோய்க்கு முதல் சிகிச்சை சிபாப் கருவி. முகமூடி வழியாகத் தொடர்ந்து மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை ஒட்டாமல் வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவனும் அவர் குழுவும் 1981-ல் இதை வெளியிட்டார்கள். விலை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. மனைவி மகளிர் குழுவில் கடன் எடுத்தார். பணம் புரளும்வரை சும்மா இருக்க முடியாதே. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும் என்பதால், பனியன் முதுகில் பை தைத்து அதற்குள் ரப்பர் பந்து வைக்கச் சொன்னேன். புரண்டால் பந்து உறுத்தி ஆள் தானாக ஒருக்களிப்பார். ஒரே வாரத்தில் குறட்டை பாதியானது என்று வீட்டில் சொன்னார்கள். தீவிர நோய்க்கு இது போதாது, தற்காலிக ஏற்பாடுதான்.

கருவி வந்த முதல் வாரம் தோல்வி. ஒரு மணி நேரத்தில் கழற்றி வீசியிருக்கிறார். மூக்கு காய்கிறது, காற்று கண்ணில் அடிக்கிறது, மகள் வேறு "அப்பா பிள்ளையார் மாதிரி இருக்காரு" என்று சிரித்திருக்கிறாள். முழு முகமூடியை மூக்கு முகமூடியாக மாற்றி, ஈரப்பதப் பெட்டி சேர்த்து, பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி மாட்டிப் பழகச் சொன்னோம். மூன்றாம் வாரத்திலிருந்து கருவியின் பதிவு வீட்டில் தூங்கும் நேரம் முழுவதையும் காட்டத் தொடங்கியது.

ஆறு வாரத்தில் இரவு எழுவது நாலிலிருந்து ஒன்றானது. தலைவலி போய்விட்டது. மூச்சு நிற்பது மணிக்கு நாலாக இறங்கியது. ரத்த அழுத்தம் 138/88. இதில் எல்லாப் பெருமையும் கருவிக்குத் தர மாட்டேன். இந்தக் கருவியால் சராசரியாக இறங்கும் ரத்த அழுத்தம் சில புள்ளிகள்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பயந்துபோய் அவர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டார், ஊறுகாயைக் குறைத்தார், மூன்று கிலோ எடையும் இறங்கியது. 2016-ல் வெளியான 2,700-க்கும் மேற்பட்டவர்களின் பெரிய ஆய்வில், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சிபாப் குறைக்கவில்லை. அதில் இருந்தவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே கருவி மாட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கருவியால் தீராத பாதி

எப்வொர்த் மதிப்பெண் 17-லிருந்து 12-க்குத்தான் வந்தது. டோல்கேட் தூக்கம் போகவில்லை. மூச்சு சரியாக ஓடினாலும் நாலரை மணி நேரம் நாலரை மணி நேரம்தான்.

சிகாகோவில் செய்து 1999-ல் வெளியான ஆய்வில் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்க விட்டார்கள். அந்தச் சில நாட்களிலேயே உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துபோனது. இவருக்கு அது பதினைந்து வருடப் பழக்கம். இன்னொரு கணக்கு: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும். நம் நாட்டில் வாகனம் ஓட்ட அனுமதித்த வரம்பு 0.03. குடித்தவரைப் பிடிக்க ஊதச்சொல்லும் கருவி இருக்கிறது. தூங்காதவரை வண்டி கவிழ்ந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறோம், அப்போதும் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே சட்டம் வந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர், ஒரு கிளீனர் என்றிருக்கும் தக்காளி வண்டிகள் அதன் கண்ணில் படவே இல்லை. இந்த நிலையில் "நல்லா தூங்குங்க" என்று சீட்டில் எழுதித் தருவது எனக்கே கூச்சமாக இருந்தது.

அதனால் ஓனரை வரச் சொன்னேன். அவர் ஒன்றும் கொடுமைக்காரர் அல்ல. வங்கித் தவணை, டீசல், டோல் என்று அவருக்கும் தூக்கம் போகும் கணக்குகள் உண்டு. வண்டி உருண்டால் அந்தக் கணக்கு என்னவாகும் என்று அவரே போட்டுப் பார்த்தார். வாரத்தில் இரண்டு நடைக்கு வேறு ஓட்டுநர் என்று முடிவானது. இவருக்குப் படி குறையும், அதை மறைக்க முடியாது. அக்கா மகன் கனரக உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான். வந்துவிட்டால் திரும்பும்போது பாதி வழி அவன் ஓட்டுவான்.

மீதி, வீட்டில் செய்தவை. பகலில் தூங்கும் அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கூரைமேல் சாக்கு பரப்பித் தண்ணீர் தெளிப்பு. பன்னிரண்டரையிலிருந்து நாலு மணிவரை போன் மனைவி கையில், லோடு கேட்பவர்களுக்கு அவரே பதில் சொல்கிறார். சென்னையிலிருந்து கிளம்பியதும் ஒரு டீ, அதற்குப் பிறகு வீடு வரும்வரை டீ கிடையாது. காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் வழிநெடுகக் குடித்த டீ மதியத் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. கண் இழுத்தால் ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது எல்லாம் உதவாது. ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்க வேண்டும். அந்த இருபது நிமிடத்துக்கு ஓனரிடமும் வாய்மொழி உத்தரவாதம் வாங்கிவிட்டோம்.

ஆறாம் மாதம்

ரத்த அழுத்தம் 132/84, மாத்திரை மூன்றிலிருந்து இரண்டு. எப்வொர்த் 8. மனச்சோர்வு மதிப்பெண் 14-லிருந்து 6. மனநல மருந்தை எப்போது குறைப்பது என்று மனநல மருத்துவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். மாற்றம் என்ன என்று மகனைக் கேட்டேன், "இப்ப அப்பா கேள்வி கேட்டா பதில் சொல்றாரு" என்றான். எச்பிஏ1சி 6.2, மாறவில்லை என்றே சொல்ல வேண்டும். எடை குறைந்த மூன்று கிலோவில் இரண்டு திரும்ப வந்துவிட்டது. எடை பத்து சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடை கால்பங்குக்குச் சற்று மேல் குறையும் என்பதால் அதை விடாமல் பிடித்திருக்கிறேன்.

தக்காளி விலை ஏறிய பதினைந்து நாளில் ஏற்பாடு உடைந்தது. தொடர்ந்து எல்லா நடையும் அவரே போயிருக்கிறார். கருவியின் பதிவில் அந்த நாட்கள் பெரும்பாலும் வெற்று. கேட்டதற்கு, "சீசன்ல விட்டா அப்புறம் எப்ப சார் பாக்குறது?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விதான். வண்டி பேட்டரியில் கருவியை ஓட்டும் கன்வெர்ட்டர் ஒன்றை விசாரித்து வைத்திருக்கிறோம், அடுத்த சீசனுக்குள் வாங்கிவிட வேண்டும். ஓனர் போன வாரம் தனியாக வந்திருந்தார். காலர் 18 இஞ்ச். அவர் வீட்டுக்காரம்மாவும் திண்ணையில்தான் படுக்கிறாராம். தூக்கப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறேன்.